சர்ரே பையன் வாசிச்சா ப்ளூஸ் ஆகுமா? பிரிட்டிஷ் கிட்டார்காரங்க பத்தி ஒரு இழை

வாசகர் ஒருத்தர் போட்டது, நவம்பர் 2

"எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், ஜிம்மி பேஜ், மிக் டெய்லர் எல்லாரும் கைதேர்ந்த ஆளுங்க, ஒத்துக்கறேன். ஆனா அது ப்ளூஸ் இல்ல. மிசிசிப்பி பருத்திக்காட்டுல வெயில்ல வெந்தவன் வாசிச்சாதான் ப்ளூஸ். லண்டன் பக்கத்துல ரெக்கார்ட் கேட்டு வளர்ந்த பையன் வாசிச்சா அது நகல்தான். மறுக்கறவங்க மறுக்கலாம்."

நவம்பர் 2, இரவு 10.40

மறுக்கறேன். ப்ளூஸ் அமெரிக்க தெற்குல கருப்பின ஜனங்க உருவாக்கின இசை, அதுல சந்தேகமில்ல. ஆனா ரெக்கார்ட் கேட்டு வளர்ந்தவன் வாசிச்சா நகல்னா முதல்ல மிசிசிப்பி ப்ளூஸோட பெரிய பேரான ராபர்ட் ஜான்சனையே வெளிய அனுப்பணும். அவரோட 32-20 ப்ளூஸ் ஸ்கிப் ஜேம்ஸ் 1931ல பியானோ வாசிச்சு பதிவு பண்ணின 22-20 ப்ளூஸ்லேர்ந்து வந்தது, பியானோல இருந்தத கிட்டாருக்கு மாத்தினாரு, நம்பர மாத்தினாரு. அவரோட ஸ்வீட் ஹோம் சிகாகோவுக்கு பின்னாடி கோகோமோ ஆர்னால்டோட ரெக்கார்ட் இருக்கு. பியானோக்காரர் லீராய் கார் ரெக்கார்ட எல்லாம் ஜான்சன் எவ்வளவு கேட்டிருப்பாருன்னு பாட்ட கேட்டாலே தெரியும். அப்புறம் சிகாகோ ப்ளூஸோட பெரிய ஆளான மட்டி வாட்டர்ஸ 1941, 42ல நாட்டுப்பாட்டு சேகரிக்கற ஆலன் லோமாக்ஸ் குழு மிசிசிப்பில ஸ்டோவல் பண்ணைக்கே போய் பதிவு பண்ணப்போ அவரு என்னென்ன பாட்டு வாசிப்பாருன்னு பட்டியல் எழுதி வச்சாங்க, அதுல கவ்பாய் பாட்டுக்காரர் ஜீன் ஆட்ரியோட பாட்டுங்க இருக்கு. நிஜமாவே பருத்திக்காட்டுல வேலை பார்த்துட்டு இருந்த ஆளு, சனிக்கிழமை ராத்திரி ஜனங்க என்ன கேட்டாங்களோ அத வாசிச்சாரு.

லானி ஜான்சன எங்க வைப்பீங்க? நியூ ஆர்லியன்ஸ்காரர், வயலினும் வாசிப்பாரு, லூயி ஆம்ஸ்ட்ராங் கூடயும் டியூக் எலிங்டன் கூடயும் பதிவு பண்ணினவரு. பருத்திக்காட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ராபர்ட் ஜான்சன்லேர்ந்து பி.பி. கிங் வரைக்கும் எல்லாரும் அவர்கிட்ட கடன் வாங்கினவங்க.

நவம்பர் 3, காலை

இன்னொண்ணு. லண்டன் பையனுக்கு ரெக்கார்ட விட்டா வேற வழியும் இல்ல. 1935லேர்ந்து 50கள் நடுப்பகுதி வரைக்கும் அமெரிக்க பேண்டுங்க பிரிட்டன்ல வந்து வாசிக்கறதுக்கு கிட்டத்தட்ட தடை, ரெண்டு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கும் நடுவுல இருந்த தகராறு. போருக்கு அப்புறம் அமெரிக்க கிட்டாரையும் 1959 வரைக்கும் இறக்குமதி பண்ண முடியாது. அப்போ பதினஞ்சு வயசு பையன்கிட்ட என்ன இருக்கும், ஒரு மட்டமான ஐரோப்பிய கிட்டார், யார்கிட்டயோ இரவல் வாங்கின ரெக்கார்ட், ஊசிய திரும்பத் திரும்ப அதே இடத்துல வைக்கற பொறுமை, அவ்வளவுதான்.

நவம்பர் 3, இரவு

இது ரொம்ப நாளா மனசுல இருக்கு, இப்பவே கொட்டிடறேன். நீளமா போகும்.

பருத்திக்காட்டு மனுஷன்தான் அசல்னு சொல்றீங்கள்ல, அந்த அளவுகோல மொதல்ல கையில எடுத்தது பிரிட்டிஷ் ரசிகர்களும் விமர்சகர்களும்தான். பிக் பில் ப்ரூன்சி 1951ல ஐரோப்பாவுக்கு வந்தாரு. அவரு யாரு? சிகாகோல 1930கள்லயே பியானோ, டிரம்ஸ், ட்ரம்பெட், கிளாரினெட் எல்லாம் வச்சு நல்ல சூட் போட்டுக்கிட்டு ரெக்கார்ட் போட்டுத் தள்ளின நகரத்து ஸ்டார். இங்க பிரிட்டன்ல மேடையில எப்படி நின்னாரு? தனியா, ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரோட, கிராமத்துலேர்ந்து நேரா வந்த விவசாயி மாதிரி, பழைய பண்ணைக் கதை சொல்லிக்கிட்டு. ஜனங்க அத கேட்டாங்க, அவரு அத கொடுத்தாரு. சிகாகோல அவரோட மார்க்கெட் போயிருந்துச்சு, பொழைக்கணும்ல. அவர குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. வாசிப்பும் ரொம்ப பிரமாதம், அந்த கட்டைவிரல்ல அடிக்கற கீழ்ஸ்தாயிய கேட்டுத்தான் பெர்ட் ஜான்ஷ் மாதிரி ஒரு தலைமுறையே கிட்டார தூக்குச்சு.

அப்புறம் 1958ல மட்டி வாட்டர்ஸ், கூட பியானோவுக்கு ஓடிஸ் ஸ்பான். பிரிட்டிஷ் ஜாஸ்காரர் கிறிஸ் பார்பர் பேண்டோட டூர். மட்டி சிகாகோல எப்படி வாசிப்பாரோ அப்படியே எலக்ட்ரிக் கிட்டார ஆம்ப்ல, அதாவது சத்தத்த பெருக்கற பெட்டியில, போட்டு சத்தமா வாசிச்சாரு. ப்ரூன்சி மாதிரி இன்னொருத்தர எதிர்பார்த்து வந்த சில பேருக்கு காது கூசிடுச்சு, கிட்டார் அலறுது பியானோ ஊளையிடுதுன்னு பத்திரிகையில தலைப்பே வந்துச்சு. நிஜமான சிகாகோ ப்ளூஸ், நிஜமான ஆளு, நிஜமான சத்தம், அத கேட்டுட்டு இது அசல் இல்லன்னு மூஞ்சிய சுளிச்சாங்க. சரின்னு 1963ல வரும்போது அக்கூஸ்டிக் கிட்டாரோட வந்தாரு. அதுக்குள்ள இங்க பசங்க எலக்ட்ரிக் பக்கம் தாவியாச்சு, எங்க உங்க எலக்ட்ரிக் கிட்டார்னு கேக்கறாங்க! அந்த மனுஷன் என்னதான் பண்ணுவாரு?

1964 மே மாசம் மான்செஸ்டர்ல கிரனாடா டிவி எடுத்த நிகழ்ச்சி இன்னும் ஒரு படி மேல. மூடிக்கிடந்த வில்பிரஹாம் ரோடு ரயில்வே ஸ்டேஷன அமெரிக்க தெற்கு ஸ்டேஷன் மாதிரி செட் போட்டாங்க, மூட்டைங்க, கோழிக்கூண்டு, ஆடு எல்லாம். ஒரு பிளாட்பாரத்துல ரசிகர்கள், தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் மட்டி, கிட்டார் வாசிச்சுப் பாடற சிஸ்டர் ரோசெட்டா தார்ப், சோனி டெர்ரி, பிரவுனி மெக்கீ. தார்ப்ப குதிரை வண்டியில கூட்டிட்டு வந்து இறக்கறாங்க. மழை பேஞ்சு ஈரம். அவங்க நல்ல கோட்டு போட்டுக்கிட்டு வெள்ளை கிப்சன் கிட்டார மாட்டிக்கிட்டு மழையப் பத்தின பாட்டையே எடுத்து ஒரு சோலோ அடிப்பாங்க பாருங்க, அந்த செட்டு, ஆடு, கோழி எல்லாம் காணாமப் போயிடும். கேமரா அவங்கள பழைய காலத்துல நிறுத்தப் பாக்குது, அவங்க கை அன்னைக்கு தேதியில இங்கிலாந்துல இருந்த எந்தப் பையனோட கையையும் விட முன்னாடி நிக்குது.

அந்த ஸ்டேஷன் இப்ப இல்ல. ரயில் பாதை இருந்த இடத்துல சைக்கிள் பாதை ஓடுது. மான்செஸ்டர்ல ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன், மரமும் செடியும்தான்.

நவம்பர் 4

"அப்போ பிரிட்டிஷ்காரங்க மேல தப்புதானே, நான் சொன்னதுதானே வருது"ன்னு கேக்கறாரு நம்ம கேள்விக்காரர். இல்லைங்க. அளவுகோல் தப்புன்னு சொல்றேன். அந்த அளவுகோல வச்சு கருப்பின கலைஞர்களயே ஒரு கூண்டுல போட்டாங்க, இப்ப அதே அளவுகோல நீங்க கிளாப்டன் மேல வைக்கறீங்க. கூண்டுல ஆள மாத்தறதால கூண்டு நியாயமாகிடாது.

பால் ஆலிவர்னு ஒரு இங்கிலீஷ்காரர், ப்ளூஸ் பாட்டு வரிகள பத்தி 1960லயே ஒரு பெரிய புத்தகம் போட்டவரு. அந்த புத்தகத்த எழுதி முடிக்கற வரைக்கும் அவரு அமெரிக்காவுல கால் வச்சதே இல்ல, எல்லாம் ரெக்கார்டும் கடிதமும் சந்திச்ச ஆட்களோட பேச்சும்தான். போகாமலே எழுதினதால அது பொய்யாகிடல. ஆனா எழுதின உடனே கிளம்பிப் போய் ஊர் ஊரா அலைஞ்சு அந்த ஜனங்க பேசறத பதிவு பண்ணினாரு. அந்த ரெண்டாவது வேலைக்காகத்தான் அவர் மேல எனக்கு மதிப்பு.

நவம்பர் 6, ராத்திரி ரொம்ப லேட்

சரி, கிட்டாருக்கு வருவோம். கையில கிட்டார் வச்சிருக்கவங்களுக்கு இந்த பகுதி.

அமெரிக்க ப்ளூஸ்காரர் ஃப்ரெடி கிங்கோட ஹைடவேங்கற பாட்டு. 1961ல சிங்கிளா வந்தது, சிகாகோல மெல்ஸ் ஹைடவே லவுஞ்சுங்கற கிளப்போட பேரு. அந்த மெட்டே ஹவுண்ட் டாக் டெய்லர் அடிச்சிட்டிருந்ததுலேர்ந்து எடுத்ததுன்னு ஃப்ரெடி தரப்புலயே சொல்வாங்க, ஆக அசல்ங்கற இடத்துலயே கைமாத்து இருக்கு. ஃப்ரெடி கட்டைவிரல்ல பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டி விரல்ல இரும்பு பிக் மாட்டி அடிப்பாரு, அதனால ஒவ்வொரு நோட்டும் சுண்டி விட்ட மாதிரி தனித்தனியா தெறிக்கும். 1966ல லண்டன்ல பேண்டு நடத்தின ஜான் மேயாலோட ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்துல கிளாப்டன் அதே பாட்ட வாசிக்கறாரு, அட்டையில காமிக்ஸ் படிச்சிட்டு உக்காந்திருப்பாரே, அந்த ஆல்பம். நோட்டு கிட்டத்தட்ட அதேதான். ஆனா கேட்டா வேற சாமான். நோட்டு நீளுது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது, பாடற குரல் மாதிரி தொண்டையில கரகரப்பு ஏறுது.

காரணம் கை மட்டும் இல்ல. லெஸ் பால் கிட்டார மார்ஷல் ஆம்ப்ல மாட்டி வால்யூம ஏத்தி வச்சிட்டு, டெக்கா ஸ்டுடியோல இந்த சத்தத்துலதான் வாசிப்பேன்னு அடம் பிடிச்சாரு. மேடையில என்ன சத்தமோ அதுவே ரெக்கார்டுலயும் வரணும்னு. அந்த காலத்து ஸ்டுடியோ இன்ஜினியர்களுக்கு அது பழக்கமே இல்லாத விஷயம். இந்த மார்ஷல் ஆம்ப் இருக்கே, அதோட கதைதான் எனக்கு இந்த முழு விவாதத்துக்கும் பொருத்தமா படுது. மேற்கு லண்டன் ஹான்வெல்ல கடை வச்சிருந்த ஜிம் மார்ஷலும் அவர் ஆட்களும் ஃபெண்டர் பேஸ்மேன்ங்கற அமெரிக்க ஆம்ப தெறந்து பார்த்து அதே சர்க்யூட்ட இங்க கெடச்ச சாமான வச்சு கட்டினாங்க. வேற வால்வு, வேற டிரான்ஸ்ஃபார்மர், செலஸ்டியன் ஸ்பீக்கர். படத்த பார்த்து வரைஞ்ச நகல்தான் அது, சந்தேகமே இல்ல. ஆனா சத்தம் அதே மாதிரி வரல, சீக்கிரமா உடைஞ்சு கரகரக்க ஆரம்பிச்சது, அந்த கரகரப்புலதான் கிளாப்டன் புகுந்து வீடு கட்டினாரு. அப்புறம் அமெரிக்கப் பசங்களே மார்ஷல் வேணும்னு கேட்டு வாங்கினாங்க.

நான் ஹைடவே கத்துக்கிட்டது கிளாப்டன் வெர்ஷன்லேர்ந்துதான், ஃப்ரெடிய கேட்டது பல வருஷம் கழிச்சு. ஃப்ரெடிய கேட்ட உடனே என் கை விறைப்பா இருக்கறது புரிஞ்சது. கிளாப்டன் அழுத்தத்தோட அடிப்பாரு, ஃப்ரெடி துள்ளுவாரு, நடுவுல இருக்கற அமைதிய வச்சு விளையாடுவாரு. இப்ப ரெண்டையும் வாசிக்கறேன், என் மனசு ஃப்ரெடி பக்கம். ஆனா வாசல் தெறந்து விட்டது கிளாப்டன்ங்கறத நான் எப்படி மறுப்பேன்?

நவம்பர் 7

ஹார்மோனிகாக்காரர் சோனி பாய் வில்லியம்சன் (அதே பேருல இருந்த ரெண்டு பேர்ல ரெண்டாமவர்) 1963, 64ல இங்க இருந்தப்போ கிளாப்டன் இருந்த யார்ட்பேர்ட்ஸ், அனிமல்ஸ் மாதிரி சின்னப் பசங்க அவருக்கு பக்கவாத்தியம் வாசிச்சாங்க. ஊருக்குத் திரும்பினதும் அவரு சொன்னதா ஒரு பேச்சு சுத்துது: இந்த இங்கிலீஷ் பசங்களுக்கு ப்ளூஸ் வாசிக்கணும்னு படுமோசமான ஆசை, வாசிக்கறதும் படுமோசமாத்தான்னு. அவரோட யார்ட்பேர்ட்ஸ் போட்ட லைவ் ரெக்கார்ட கேட்டா கிழவர் சொன்னதுல நியாயம் இருக்கு, பதினெட்டு வயசு கிளாப்டன் எங்க நிக்கறதுன்னு தெரியாம நிக்கறாரு. ரெண்டே வருஷத்துல மேயால் ஆல்பம். அந்த ரெண்டு வருஷத்துல அந்தப் பையன் எவ்வளவு வாசிச்சிருக்கணும்! எனக்கு அது நினைச்சாலே சந்தோஷமா இருக்கு.

நவம்பர் 9

பீட்டர் கிரீன் பத்தி ஏன் எழுதலன்னு ரெண்டு பேர் கேட்டாச்சு. எழுதாம இருப்பேனா, இந்த இழைக்கே அவருக்காகத்தான் வந்தேன்.

கிழக்கு லண்டன் பெத்னல் கிரீன்ல யூதக் குடும்பம், பிறந்தப்போ பேரு கிரீன்பாம். 1966ல கிளாப்டன் போன இடத்துல மேயால் அவர உக்கார வச்சப்போ ஜனங்களுக்கு கோபம், சுவத்துல கிளாப்டன கடவுள்னு எழுதிட்டிருந்த நேரம். அவரு என்ன பண்ணினாரு? கிளாப்டன விட வேகமா அடிச்சுக் காட்ட முயற்சியே பண்ணல. கொறச்சாரு. 1967ல வந்த ஆல்பத்துல தி சூப்பர்நேச்சுரல்னு ஒரு துண்டு இருக்கு, ஒரு நோட்ட புடிச்சு, ஆம்ப் சத்தம் கிட்டார்லயே திரும்பி முழங்கற ஃபீட்பேக்ல நிறுத்தி வச்சிட்டு அப்படியே விட்டுடுவாரு, மூச்ச புடிச்சுக்கிட்டுதான் கேக்கணும்.

அவரோட 1959 லெஸ் பால்ல கழுத்துப் பக்கத்து பிக்கப்போட, அதாவது நரம்போட அதிர்வ மின்சாரமா மாத்தற சாமானோட, காந்தம் தலைகீழா இருந்துச்சு. அதனால ரெண்டு பிக்கப்பையும் சேத்து போட்டா ரெண்டு சிக்னலும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு கீழ்ஸ்தாயி கரைஞ்சு மூக்கால பாடற மாதிரி உள்ளீடு இல்லாத ஒரு சத்தம் வரும். அந்த கிட்டார் அப்புறம் கேரி மூர்கிட்ட போச்சு, இப்ப மெட்டாலிக்கா கிர்க் ஹாமெட்கிட்ட இருக்கு. ஆனா காந்தத்த திருப்பி வச்சவன் எல்லாம் கிரீன் ஆகல. நானும் ஒரு மெக்கானிக்க வச்சு என் கிட்டார்ல மாத்திப் பார்த்தேன், சத்தம் வந்துச்சு, பாட்டு வரல.

1968ல நீட் யுவர் லவ் சோ பேட். அசல் லிட்டில் வில்லி ஜான் 1955ல பாடினது. கிரீன் வாசிக்கறதுல பி.பி. கிங்கோட சாயல் அப்பட்டமா தெரியும், அவரு மறைக்கவும் இல்ல. ஆனா பி.பி. கிங்கே சொன்னாரு, நான் கேட்டதுலயே இனிமையான டோன் இவரோடது, எனக்கு வேர்க்க வச்ச ஒரே ஆளு இவர்தான்னு. யார்கிட்ட கத்துக்கிட்டாரோ அந்த ஆளே சொல்றாரு. இதுக்கு மேல எனக்கு எந்த சான்றிதழும் வேணாம்.

பி.பி. கிங்கோட அந்த வைப்ராட்டோ எங்கேர்ந்து வந்துச்சு? அவரோட உறவுக்காரர் புக்கா வைட் விரல்ல குழாய் மாட்டி நரம்பு மேல வழுக்கற ஸ்லைடு வாசிப்பாரு. பி.பி.க்கு ஸ்லைடு கைக்கு வரல, அந்த நடுக்கத்த வெறும் விரல்லயே கொண்டுவரப் பாத்தாரு, அப்படி வந்ததுதான் அந்த பட்டாம்பூச்சி மாதிரி அடிக்கற இடது கை. அதாவது சரியா வராத ஒரு நகல். அதுலேர்ந்து கிரீனோடது, கிரீன்லேர்ந்து கேரி மூரோடது.

நவம்பர் 9, அதே ராத்திரி

கிரீன் பத்தி இன்னும் ஒண்ணு. அவரு 1970ல தான் ஆரம்பிச்ச ஃப்ளீட்வுட் மேக் பேண்ட விட்டுட்டு போனது, பணமே வேணாம்னு சொன்னது, அப்புறம் பல வருஷம் மனநோயோட பட்ட கஷ்டம், இதெல்லாம் காட்டி "பாருங்க அவரும் கஷ்டப்பட்டாரு, அதனால அவரோடது நிஜ ப்ளூஸ்"னு எழுதறாங்க. இது எனக்கு ஆகவே ஆகாது. அந்த நல்ல ரெக்கார்டுங்க எல்லாம் பெரும்பாலும் நோய்க்கு முன்னாடி, உடம்பும் மனசும் தெம்பா இருந்தப்போ, தினம் மேடை ஏறி உழைச்சப்போ வந்தது. நோய் அவர்கிட்டேர்ந்து வாசிப்ப புடுங்கிச்சு. கஷ்டப்பட்டாத்தான் அசல்ங்கறது பருத்திக்காட்டு வாதத்தோட இன்னொரு உருவம்.

நவம்பர் 12

ஜிம்மி பேஜோட லெட் செப்பலின் பேண்டு ரசிகர் ஒருத்தர் கோவமா வந்திருக்காரு, எல்லாரும்தான் எடுத்தாங்க, செப்பலின மட்டும் ஏன் திட்டறீங்கன்னு. நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கல.

எடுக்கறதுல எனக்கு பிரச்சனை இல்ல. பேரு போடாம எடுக்கறதுலதான் பிரச்சனை. ஹோல் லாட்டா லவ் 1969. மட்டி வாட்டர்ஸ் 1962ல பாடின, வில்லி டிக்சன் எழுதின யூ நீட் லவ்வோட வரிங்க அதுல அப்படியே கெடக்கு. நடுவுல 1966ல லண்டன் பேண்டு ஸ்மால் ஃபேசஸ் இத வாசிச்சாங்க, அவங்களும் டிக்சன் பேர போடல. டிக்சன் 1985ல கேஸ் போட்டு 1987ல சமரசமாச்சு, இப்ப அவர் பேரு இருக்கு. செப்பலினோட லெமன் சாங்ல சிகாகோ பாடகர் ஹவுலிங் வூல்ஃபோட கில்லிங் ஃப்ளோர், அதுக்கும் 1972ல பதிப்பு கம்பெனியோட சமரசம். ஜிம்மி பேஜ் பெரிய கலைஞர், அந்த பாட்டுல அவரு கட்டின சத்தக் கோபுரம் அவரோடதுதான், யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா பேரு போடறதுக்கு என்ன செலவு? கிளாப்டன் இருந்த கிரீம் பேண்டு 1966ல ஸ்கிப் ஜேம்ஸோட ஐம் சோ கிளாட் பாட்ட எடுத்தப்போ அவர் பேரயே போட்டாங்க, வயசாகி உடம்பு முடியாம இருந்த அந்த மனுஷனுக்கு காசும் போச்சு.

ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். டிக்சனையும் மட்டியையும் ஏமாத்தினது லண்டன் மட்டும் இல்ல. சிகாகோல செஸ் ரெக்கார்ட் கம்பெனியோட சேந்த ஆர்க் மியூசிக் பதிப்பகத்து மேலயும் அவங்க 70கள்ல கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்துச்சு. ஆக கருப்பின கலைஞரோட பாக்கெட்டுல கை வச்சவங்க பட்டியல் நீளம்.

நவம்பர் 14

இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு எழுதறேன். 1976 ஆகஸ்ட், பர்மிங்காம் ஓடியன். கிளாப்டன் குடிச்சிட்டு மேடையில நின்னுக்கிட்டு, குடியேறினவங்க எல்லாம் வெளிய போகணும், ஈனாக் பவலுக்கு ஓட்டு போடுங்கன்னு பேசினாரு. பவல் யாருன்னு தெரியாதவங்களுக்கு, 1968ல அதே பர்மிங்காம்ல குடியேறினவங்கள எதிர்த்து ரத்த ஆறு ஓடும்னு பேசின அரசியல்வாதி. கிளாப்டன் அப்போதான் ரெண்டு வருஷம் முன்னாடி பாப் மார்லி பாட்ட பாடி அமெரிக்காவுல முதல் இடம் புடிச்சிருந்தாரு. கேட்டுட்டு கொதிச்சுப்போய் சில பேர் பத்திரிகைக்கு கடிதம் எழுதினாங்க, உன் பாட்டுல பாதி கருப்பினத்தவங்களோடதுதானேன்னு. அதுலேர்ந்துதான் ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்ங்கற இயக்கம் வந்துச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு கிளாப்டன் வெட்கப்படறேன்னு சொன்னாரு.

நான் இந்த நாட்டுல குடியேறி பொழைக்கறவன். அந்தப் பேச்சு என்னையும் சேத்துத்தான். பாட்டு வேற ஆளு வேறன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படி பிரிக்க வரல. மேயால் ஆல்பத்த கேக்கறத நிறுத்தல, ஆனா 70கள்ல அவரு போட்டது எதுவும் என் வீட்டுல ஓடாது. இது என் முடிவு, யார் மேலயும் திணிக்கல. அசலா நகலான்னு நாம கேக்கறப்போ விரலப் பத்தி மட்டும் பேசிட்டு, அந்த இசைய கொடுத்த ஜனங்கள பத்தி நீ என்ன நினைக்கறேங்கறத விட்டுட முடியுமா? எனக்கு இதுதான் மொத கேள்வி.

நவம்பர் 15

"பாட்டுக்கு வாங்க, அரசியல் வேணாம்"னு ஒரு பதில். ப்ளூஸ் பத்தி பேசிக்கிட்டு இத வேணாம்னு சொல்ல முடியாதுங்க.

பாட்டுக்கே வரேன். கிட்டார் கிட்டார்னு பேசறோம், குரல் பத்தி யாரும் பேசல. வெள்ளைப் பசங்க கிட்டார்ல என்னையே மிஞ்சிடுவாங்க, ஆனா பாடறது அவங்களால ஆகாதுங்கற மாதிரி மட்டி வாட்டர்ஸ் சொல்லியிருக்காரு. பெரும்பாலும் சரிதான், அந்த ஆல்பங்கள்ல பல பாட்ட குரல் வர்ற இடத்துல நான் சகிச்சுக்கிட்டுதான் கேக்கறேன். ஆனா ஜோ ஆன் கெல்லிய கேளுங்க. தெற்கு லண்டன் ஸ்ட்ரெத்தம்ல 1944ல பிறந்தவங்க. பழைய ப்ளூஸ்காரங்க மெம்ஃபிஸ் மின்னி, சார்லி பாட்டன் எல்லாம் உள்ளுக்குள்ள ஊறிப்போய் அக்கூஸ்டிக் கிட்டாரோட தனியா உக்காந்து பாடுவாங்க, முதல் தடவை கேக்கறவன் ஊரையும் தப்பா சொல்லுவான் வருஷத்தையும் தப்பா சொல்லுவான். அமெரிக்க பேண்டு கேன்ட் ஹீட் கூப்பிட்டாங்க, போகல. 1990ல நாப்பத்தாறு வயசுல போயிட்டாங்க. பிரிட்டிஷ் ப்ளூஸ் கிட்டார்னு பட்டியல் போடறவன் எல்லாம் பத்து ஆம்பளைய எழுதிட்டு நிறுத்திடறான், இவங்க பேரு அதுல இல்லாதது அநியாயம்.

நவம்பர் 18

கமகத்துக்கும் ப்ளூஸ்ல நரம்ப இழுத்து சுருதிய வளைக்கற பெண்டுக்கும் ஏதாவது ஒட்டு இருக்கான்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. பொதுவா இந்த ஒப்பீட்ட நான் தவிர்ப்பேன், ரெண்டும் வேற வேற இலக்கணம். ஆனா ஒரு ஆளு நிஜமா ரெண்டு வாசல்லயும் நுழைஞ்சிருக்காரு. யார்க்‌ஷயர்ல பிறந்த ஜான் மெக்லாக்லின். சின்ன வயசுல பிக் பில் ப்ரூன்சி, மட்டி வாட்டர்ஸ் ரெக்கார்ட கேட்டு கிட்டார் எடுத்தவரு, 60கள்ல லண்டன் ப்ளூஸ் ஆட்களோட, கிரஹாம் பாண்ட் பேண்டுல எல்லாம் வாசிச்சவரு. அப்புறம் அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல எஸ். ராமநாதன்கிட்ட வீணை படிச்சாரு. எல். ஷங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேனோட சக்தி குழு. அந்தக் குழுவுல வாசிச்ச கிட்டார்ல ஃப்ரெட்டுங்கற குறுக்குக் கம்பிங்களுக்கு நடுவுல மரத்த குழியா செதுக்க வச்சாரு, விரல் அழுத்தினா நரம்பு இழுபட்டு வளையணும்னு, வீணைல வர்ற மாதிரி. குருன்னு ஒருத்தர்கிட்ட உக்காந்து, எங்க கத்துக்கிட்டேன்னு எல்லா பேட்டியிலயும் சொல்லிக்கிட்டு. கிரீன் மேல எனக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இவர் மேலயும்.

நவம்பர் 21

ரோலிங் ஸ்டோன்ஸ விட்டுட்டேன்னு ஞாபகப்படுத்தினீங்க. 1964 நவம்பர்ல ஹவுலிங் வூல்ஃப் பாடின லிட்டில் ரெட் ரூஸ்டர சிங்கிளா போட்டு இங்க முதல் இடத்துக்கு கொண்டு போனாங்க, பிரையன் ஜோன்ஸ் ஸ்லைடு. அடுத்த வருஷம் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒண்ணுக்கு கூப்பிட்டப்போ ஹவுலிங் வூல்ஃப் வந்தாத்தான் வருவோம்னு சொல்லி அவர மேடையேத்தி காலடியில உக்காந்து பார்த்தாங்க. பேரு போட்டாங்க, கை காட்டினாங்க. இத நான் பாராட்டறேன்.

ஆனா அதே பாட்டு, 1970 மே, லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோ. வூல்ஃப் வந்திருக்காரு, உடம்பு சரியில்ல. கூட கிளாப்டன், ஸ்டோன்ஸ் பேண்டு பில் வைமன், சார்லி வாட்ஸ். பசங்களுக்கு அந்த ரிதம் புடிபடல. கிளாப்டன் கேக்கறாரு, நீங்களே அக்கூஸ்டிக்ல வாசிச்சு காட்டுங்களேன், நாங்க கூடவே வர்றோம்னு. வூல்ஃப் வாசிச்சுக்காட்டி, எங்க நிறுத்தணும் எங்க மாறணும்னு சொல்லித் தர்றாரு. அந்த பேச்சு ரெக்கார்டுலயே இருக்கு, வெட்டாம விட்டது நல்ல காரியம். கிளாப்டன் மேல எனக்கு எவ்வளவு கோவம் இருந்தாலும் அந்த ஒரு நிமிஷம் அவரு நல்ல மாணவன்.

வூல்ஃபோட கிட்டார்காரர் ஹியூபர்ட் சம்லின் அங்க இருந்தாரு. செஸ் கம்பெனிக்கு அவர கூட்டிட்டு வர விருப்பமில்ல, அவரு வரலன்னா நான் வாசிக்க மாட்டேன்னு கிளாப்டன் சொன்னதாலதான் வந்தாரு. கில்லிங் ஃப்ளோர் மாதிரி இந்தப் பசங்க எல்லாம் மனப்பாடம் பண்ணின அந்த ரிஃபுங்கள, திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டுங்கள, வாசிச்ச விரல் சம்லினோடது. அந்த ஆல்பத்துல சம்லின் ரிதம் கிட்டார், லீட் கிளாப்டன். பல தடவை கேட்டாச்சு, ஹெட்போன் போட்டு சம்லின் எங்க இருக்காருன்னு தேடிக்கிட்டே இருப்பேன். கூப்பிட்டதும் மரியாதைதான், லீட விட்டுக் கொடுக்காததும் அதே அறையிலதான். ரெண்டுல எதையும் என்னால தள்ள முடியல.

நவம்பர் 22

கேள்விக்காரர் மறுபடி வந்திருக்காரு: "சரி, ஒரே ஒரு ரெக்கார்ட் சொல்லுங்க, கேட்டுட்டு பேசறேன்."

ஓடிஸ் ஸ்பானோட தி பிக்கஸ்ட் திங் சின்ஸ் கொலோசஸ், 1969. ஆமா, 1958ல மட்டியோட வந்து ஊளையிடற பியானோன்னு திட்டு வாங்கினாரே, அவரேதான். கிட்டார் பீட்டர் கிரீனும் பிரிக்ஸ்டன் பையன் டேனி கர்வனும், பேஸ் ஜான் மெக்வீ, டிரம்ஸ் மட்டி பேண்டு எஸ்.பி. லியரி. அட்டையில ஸ்பான் பேரு, பாட்டு ஸ்பானோட பாட்டு, பியானோ முன்னாடி. கிரீன் ஸ்பான் வரிய முடிக்கற வரைக்கும் காத்திருந்து ரெண்டு மூணு நோட்டு வைப்பாரு, மறுபடி ஒதுங்கிடுவாரு. ஹெட்போன்ல வேணாம், ஸ்பீக்கர்ல போட்டு கேளுங்க, கொஞ்சம் சத்தமா. கேட்டுட்டு நகல்னே தோணினா எந்த பாட்டு, எந்த இடம்னு எழுதுங்க, அந்த இடத்த வச்சு பேசுவோம்.